துப்பறியும் கோவிந்தனும் தேசத் தொண்டர்களும்

ஜே. ஆர். ரங்கராஜு என்ற பெயரைச் சொன்னால் நம் தேசத் தொண்டர்களில் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். வேறு பலர், யார் அவர் என்று கேட்பார்கள். பின்னவர்களின் தொகையே நாளுக்கு நாள் பெருகி வருகிறது. "இராஜாம்பாள்", "சந்திரகாந்தா", "மோகனசுந்தரம்", "ஆனந்தகிருஷ்ணன்", "இராஜேந்திரன்" முதலிய நாவல்களை எழுதி, அவை பதிப்புமேல் பதிப்பாகச் செலவாகக் கண்ட இவ்வாசிரியர் 1959-ம் வருஷத்தில் காலஞ்சென்றார். அவருடைய நாவல்கள் உயர்ந்த இலக்கியந்தானா என்ற வழக்கை நாம் இங்கே நடத்தப் போவதில்லை. அவ்வழக்கில் தீர்ப்பு எப்பொழுதோ அவருக்கு விரோதமாகச் சொல்லப்பட்டுவிட்டது. அப்பீல் செய்வாரும் இல்லை. நாம் கேட்பது வேறு கேள்வி. அச்சிட்ட தமிழ்ப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கி, இரவு விளக்கடியில் உட்கார்ந்து கடைசிப் பக்கம் வரையில் படித்து முடிக்கும் பழக்கத்தை நம் ஜனங்களிடையே உண்டாக்கியவர்கள் யார்? அந்தப் பழக்கத்தின் பயனைப் பிற்காலத்தில் தேசியப் பத்திரிகைகள் அநுபவித்தன என்பது மெய்யானால், அக்கடனை நாம் எவ்வாறு தீர்த்திருக்கிறோம்?

தமிழில் நாவல் பிறந்தது 1879-ல் என்பது யாவரும் அறிந்தது. ஜில்லா முன்சீப்பாயிருந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை "பிரதாப முதலியார் சரித்திர"த்தை வெளியிட்டார். பின்னர் ராஜமய்யரின் கமலாம்பாளும், மாதவையாவின் பத்மாவதியும் வந்தன. பண்டித நடேச சாஸ்திரியார் 1894-லேயே "தானவன்" என்ற போலீஸ் நிபுணனின் கதையை எழுதித் துப்பறியும் கதைக்குத் தமிழில் பிள்ளையார் சுழி போட்டார். ஆயினும் இவற்றை அக்காலத்தில் படித்தவர்கள் பெரும்பாலும் எழுதியவர்களையே ஒத்தவர்கள். இங்கிலீஷ் கலாசாலைப் படியேறியவர்கள். கடைத்தெருவிலும், ரயில்வே பிளாட்பாரத்திலும், அடுப்பங்கரையிலும் புத்தகம் நுழைந்தது அடுத்த தலைமுறையில்தான். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி அய்யங்கார், ரங்கராஜு ஆகிய மூவரும், அவர்களுக்குப் பின் ஸ்ரீமதி வை. மு. கோதைநாயகி அம்மாளும் அந்த வாயிலைத் திறந்தவர்கள்.

"இராஜாம்பாள்" வெளிவந்த 1908-ம் வருஷத்தைத் தேசத் தொண்டர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். அவ்வருஷம் மார்ச்சு மாதத்தில் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை கைதானார். திருநெல்வேலியில் கலகம் மூண்டது. அதே வருஷத்தில் "இந்தியா" பத்திரிகை சென்னையை விட்டுப் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குக் குடியேற வேண்டியதாயிற்று. தமிழில் ராஜீய விஷயம் எழுதுவோர் ஒவ்வொருவர் தலைமீதும் ராஜத்துரோகச் சட்டம் கத்திபோல் தொங்கிய அந்தச் சமயத்தில், மணப்பெண் ஒருத்தி கொலையுண்டதாகவும், அவள் காதலனான கோபாலன் மீது குற்றம் சுமத்தப்பட்டதாகவும், துப்பறியும் கோவிந்தன் வந்து சிக்கறுத்ததாகவும் ஒரு கதை பாளையங்கோட்டைக்காரர் ஒருவரின் பேனாவிலிருந்து வெளிவந்தது. வேடிக்கைக் கதை என்று சர்க்காரும் அதைப் பொருட்படுத்தவில்லை. வேடிக்கைக் கதை என்றே நம் தலைவர்களும் அதை ஒதுக்கினார்கள்.

ரங்கராஜு தேசிய நோக்கத்தை உள்ளே வைத்து மறைத்து எழுதினார் என்று நாம் கதை கட்டவில்லை. அவர் எழுதியது பொழுதுபோக்குக்கே. ஆனால் பொழுதுபோக்குக்காகப் படித்தவன் எதைப் படித்தான் என்பதைச் சற்று ஆலோசிக்க வேண்டும். நம் ஜனங்களுக்குக் கோர்ட்டு என்பது அந்நிய பாஷையில் நடக்கும் ஒரு மந்திரச் சடங்காயிருந்த காலம் அது. வாதிக்கும் விளங்காது, பிரதிவாதிக்கும் விளங்காது. வக்கீலும் நீதிபதியும் தங்களுக்குள் இங்கிலீஷில் பேசிக்கொண்டு ஒருவன் தலைவிதியை நிர்ணயிப்பார்கள். 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு விரோதமாக ருசுப்படுத்தக் கூடாது என்று விதித்தது. இப்பிரிவு சட்டப் புத்தகத்தில் இருந்தது. ஆனால் அடிபட்டு ஒப்புக்கொண்ட ஏழைக்கு அப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது. அத்தகைய சமூகத்தில், குற்றமற்றவன் ஒருவன் கூண்டில் ஏறுவதையும், பார்த்த மாத்திரத்தில் தோன்றும் சாட்சியம் பொய்யாய் முடிவதையும், சந்தேகம் வேறு ருசு வேறு என்பதையும், நேரான தமிழில், அடுத்து என்ன என்ற ஆவலைக் கிளப்பி ஒருவர் சொல்லிவிட்டார். எதிரிக் கூண்டு, ஜாமீன், குறுக்கு விசாரணை என்ற வார்த்தைகளுக்கு உயிருள்ள அர்த்தத்தைச் சட்டப் பாட புத்தகத்தைக் காட்டிலும் இந்தக் காலணா மதிப்புப் பெறாத நாவல்களே சாமானியனுக்குக் கொடுத்தன என்பது நம்முடைய அபிப்பிராயம்.

கோவிந்தனைப் பற்றியும் ஒரு வார்த்தை. போலீஸ் இலாகாவின் மேல் உத்தியோகங்களில் வெள்ளையர்களே நிறைந்திருந்த நாளில், புத்தி சாமர்த்தியத்தினால் எல்லாரையும் வெல்பவன் ஒரு கோவிந்தன். ஷெர்லாக் ஹோம்ஸ் அல்ல. அந்த ஒரு பெயரில் வாசகன் அடைந்த பெருமிதத்தை அற்பமாக எண்ணுவதற்கில்லை.

நிற்க, இந்நாவல்களின் குறைகளை மறைப்பது நம் நோக்கமன்று. கதாநாயகி கண்ணீரும் கற்புமாகவே உருவாக்கப்பட்டவள்; கெட்டவன் முதற் பக்கத்திலிருந்து கெட்டவன். தற்செயல் என்ற தெய்வம் அத்தியாயந்தோறும் வந்து உதவி செய்யும். சரக்கும் சில சமயங்களில் இரவற் சரக்கு. ஆரணியார் ரெயினால்ட்ஸ் என்ற இங்கிலீஷ் நாவலாசிரியரின் கதைகளைத் தழுவியே பல புத்தகங்கள் எழுதினார். லண்டன் சீமாட்டிகள் இரத்தினபுரிக்கு வந்து சேலை உடுத்துக்கொண்டார்கள். சுதேசித் துணியைப் பற்றிப் பிரசங்கம் செய்துவிட்டு விதேசிக் கதைக்குச் சாயம் தோய்த்து விற்பதா என்று புதுமைப்பித்தன் போன்றவர்கள் தழுவல் எழுத்தைக் கண்டித்ததில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை ஒப்புக்கொண்டே மேலே செல்கிறோம்; ஏனெனில் அந்தக் கண்டனத்தைப் படிக்கத் தெரிந்த வாசகர் கூட்டமே இந்த நாவல்களால் பெருகியதுதான்.

நாவல்கள் வாசகரோடு நிற்கவில்லை. எழுத்தறியாதவர்களிடமும் அவை சென்றன. அதற்கு வழி செய்தது நாடக மேடை. எம். கந்தசாமி முதலியார் ரங்கராஜுவின் கதைகளையும், வடுவூராரின் "மேனகா"வையும் நாடகமாக்கி டி. கே. எஸ். சகோதரர்களின் கம்பெனிக்குக் கொடுத்தார். வள்ளி திருமணத்தையும் பவளக்கொடியையும் பார்த்துப் பழகிய ஜனங்கள், முதன்முறையாகத் தங்களைப் போலவே உடுத்து, தங்களைப் போலவே பேசும் மனிதர்களை மேடையில் கண்டார்கள். "சந்திரகாந்தா" மடத்துத் தலைவர் ஒருவரின் ஒழுக்கக் கேட்டை வெளிப்படுத்தும் கதை. மடங்களின் சொத்து நிர்வாகத்தைச் சட்டத்துக்கு உட்படுத்தும் மசோதா 1920-களில் சென்னைச் சட்டசபையில் பெருங் கிளர்ச்சியை உண்டாக்கியது. மசோதாவைப் படித்தவர்கள் எத்தனை பேர்? சந்திரகாந்தாவை அறிந்தவர்கள் எத்தனை பேர்?

இந்தக் கட்டத்தில் புதுக்கோட்டை கதைக்குள் பிரவேசிக்கிறது. 1935-ல் "மேனகா"வையும், 1936-ல் "சந்திரகாந்தா"வையும் பேசும் படங்களாக டைரக்ட் செய்தவர் ஒருவரே. அவர் புதுக்கோட்டையில் பிறந்த பி. கே. ராஜா சாண்டோ. தேகப் பயிற்சியில் பெயர் வாங்கி, பம்பாய்க்குச் சென்று, ஊமைப் படங்களில் வடநாட்டார் கொண்டாடும் நட்சத்திரமாய் விளங்கித் திரும்பியவர். புராணக் கதைகளே படமாகிக் கொண்டிருந்த காலத்தில், சமூகக் கதைக்குத் திரையில் இடமுண்டு என்று பந்தயம் கட்டியவர்களில் அவர் முன் நின்றார். அப்பந்தயத்துக்கு அவர் கையில் வைத்திருந்த முதல் இந்த நாவல்களே. "மேனகா" படத்தில் பாரதியாரின் பாடல் ஒலித்தது என்பதையும் தேசபக்தர்கள் நினைவில் வைக்கலாம். "சந்திரகாந்தா"வில் சுண்டூர் இளவரசனாக ஒரு வாலிபர் தோன்றினார். அதுவே அவருடைய முதற்படம். அவர் பெயர் பி. யு. சின்னப்பா. அந்தப் "பி" என்ற எழுத்து புதுக்கோட்டையைக் குறிப்பது என்பதை இவ்வூரார்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் தேர்ச்சி பெற்றுப் பின்னாளில் தமிழ்நாடு முழுவதும் பித்துக் கொண்ட அந்தக் குரல், ரங்கராஜுவின் கதையின் வழியாகவே திரைக்கு வந்தது. "இராஜாம்பா"ளும் 1935-ல் ஒருமுறையும், 1951-ல் மறுமுறையும் படமாயிற்று. பிந்திய படத்தில்தான் ஆர். எஸ். மனோகர் முதலில் தோன்றினார்.

தேசியத் தலைவர்களில் பலருக்குச் சினிமா என்றாலே கசப்பு. ஸ்ரீ ராஜாஜியின் அபிப்பிராயம் உலகறிந்தது. ஆனால் திருமயத்தில் 1887-ல் பிறந்த ஸ்ரீ எஸ். சத்தியமூர்த்தி அவ்வாறு எண்ணவில்லை. அவர் வக்கீல், சட்டசபைப் புலி, சுகுண விலாச சபையின் மேடையில் தாமே வேஷம் கட்டி நடித்தவர். ஜனங்கள் கூடும் இடத்தை வெறுத்து ஒதுக்கிவிட்டு ஜனங்களை எங்கே போய்ச் சந்திப்பது என்பதை அவர் உணர்ந்திருந்தார். நடிகர்களையும் பாடகர்களையும் காங்கிரஸ் மேடைக்குக் கொண்டுவந்து சேர்த்தவரும் அவரே. நாவலைக் குறித்தும் அந்தத் தீர்க்க திருஷ்டி நமக்கு இருந்திருக்குமானால் எவ்வளவோ நன்மை விளைந்திருக்கும்.

அதற்கும் ஓர் அத்தாட்சி உண்டு. 1901-ல் பிறந்த ஸ்ரீமதி கோதைநாயகி அம்மாள், 1925 முதல் "ஜகன்மோகினி"யை நடத்தினார். 115 நாவல்கள் எழுதினார். கதரணிந்து மறியல் செய்து சிறை புகுந்த அதே கை, மாதந்தோறும் காதலும் மர்மமும் எழுதியது. அவருடைய பத்திரிகைக்குச் சந்தா கட்டிய குடும்ப ஸ்திரீகளில் எத்தனை பேர், கதைக்காகப் பத்திரிகையைப் பிரித்து, அதை எழுதியவர் சிறையிலிருக்கிறார் என்று அறிந்து, சிறை என்ற சொல்லுக்குப் புது மரியாதை கொடுத்திருப்பார்கள்! எந்தப் பொதுக்கூட்டத்துக்கும் வர அநுமதிக்கப்படாத வாசகிகள் அவர்கள்.

அமெரிக்கரைப் பாருங்கள். அங்கே எட்கார் ரைஸ் பர்ரோஸ் என்பவர் 1912-ல் மலிவுக் காகிதப் பத்திரிகை ஒன்றில் டார்ஸான் கதையை எழுதினார். பண்டிதர்கள் சிரித்தார்கள். ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் ஒரு பகுதிக்கே டார்ஸானா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பத்திரிகையின் பழைய பிரதி ஒன்று அகப்பட்டால் பெருந்தொகை கொடுத்து வாங்கப் போட்டி நடக்கிறது. இங்கே கோவிந்தன் பெயரில் ஒரு சந்தும் இல்லை, வேண்டாம். அவனைப் பெற்ற புத்தகத்தின் முதற் பதிப்பு எங்கே என்று கேட்டால், சொல்லக் கூடியவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

1867-ம் வருஷத்து அச்சகச் சட்டத்தின்படி, அச்சிட்ட ஒவ்வொரு புத்தகத்தின் பிரதியும் சர்க்காருக்குப் போயிற்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜாபிதா அச்சாயிற்று. அந்நிய சர்க்கார் நம்மைக் கண்காணிக்கச் செய்த ஏற்பாடு அது. அந்த ஜாபிதாக்களே இன்று எந்த நாவல் எப்பொழுது வந்தது என்று துருவுகிறவர்களுக்குத் துணையாயிருக்கின்றன. சுதேசிகளாகிய நாம் செய்தது என்ன? கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர், ஆயுள் முழுவதும் தம் கைப்பொருளைச் செலவிட்டு, நாவல், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று பேதம் பாராமல் சேர்த்து வைத்தார். அவர் மறைந்தபின் அந்தச் சேகரத்தை விலை கொடுத்து வாங்கியது சிகாகோ சர்வகலாசாலை. அது கடல் கடந்து போகாமல் 1994-ல் சென்னையிலேயே நூலகமாக நிலைத்தது அவர்களுடைய பெருந்தன்மை. நம்மவர்களின் தன்மையைப் பற்றி எழுதுவதற்குப் பேனா கூசுகிறது.

புதுக்கோட்டை இவ்விஷயத்தில் தலை நிமிர்ந்து நிற்கலாம். திருக்கோகர்ணத்தில் ஸ்ரீ பா. கிருஷ்ணமூர்த்தியும் அவர் மனைவியார் ஸ்ரீமதி டோரதியும் தங்கள் சம்பாத்தியத்தைப் போட்டு உண்டாக்கிய "ஞானாலயா" நூலகம், முதற் பதிப்புகளையும் பழைய சஞ்சிகைகளையும் காப்பதற்கென்றே எழுந்தது. ஆராய்ச்சி செய்ய வருகிறவர்கள் தமிழ்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் இங்கே வருகிறார்கள். ஒரு தம்பதி செய்ததை ஒரு ஜில்லா செய்ய முடியாதா என்பதே நம் கேள்வி. மலிவு நாவலுக்கு மலிவுக் காகிதம். அக்காகிதத்தில் உள்ள அமிலமே அதைத் தின்கிறது. பழுப்பேறி, மடித்த இடத்தில் ஒடிந்து, கடைசியில் தூளாகிறது. பழைய வீடு இடிக்கப்படும்போதெல்லாம் பரணிலிருக்கும் பெட்டிகள் எடைக்குப் போகின்றன. அவற்றில் ரங்கராஜுவும் போகிறார், வடுவூராரும் போகிறார், "ஜகன்மோகினி"யும் போகிறது.

சட்டத் தடையும் இப்பொழுது இல்லை. நம் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் இறந்த வருஷம் முடிந்து 60 வருஷங்கள் வரையிலுமே உரிமை நிற்கும். ரங்கராஜுவின் நூல்களுக்கு 2019 டிசம்பரோடும், கோதைநாயகி அம்மாளின் நூல்களுக்கு 2020 டிசம்பரோடும் அந்தக் காலம் முடிந்துவிட்டது. வடுவூராரும் ஆரணியாரும் அதற்கு முன்பே பொதுச் சொத்தானார்கள். யாரும் யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை. இராயவரத்தில் பிறந்த சக்தி வை. கோவிந்தன், நல்ல புத்தகத்தை மலிவு விலையில் ஜனங்களுக்குக் கொடுக்க முடியும் என்று ஒரு காலத்தில் நிரூபித்துக் காட்டினார். அவர் பிறந்த ஜில்லாவில் அந்தத் தொழிலறிவு அற்றுப் போயிருக்காது. முதற் பதிப்பை ஒப்பிட்டு, பிற்காலத்துப் பதிப்பாளர்கள் சுருக்கியதையும் திருத்தியதையும் குறிப்பிட்டு, "இராஜாம்பா"ளையும் "சந்திரகாந்தா"வையும் நல்ல காகிதத்தில் புதிதாக அச்சிட ஒருவர் முன்வர வேண்டும். தங்கள் வீட்டுப் பரணில் அட்டை கிழிந்த பிரதியாயினும் வைத்திருக்கும் அன்பர்கள், எடைக்காரனுக்கு முன்னால் திருக்கோகர்ணத்துக்கு ஒரு கடுதாசி எழுதுவார்களாக.