குளிசையோடு கொஞ்சம் கொழுப்பு

தர்மபுரம் பக்கத்து மூத்தவர்களுக்கு மலேரியாவைப் பற்றி எவரும் விளக்கத் தேவையில்லை. காடும் குளமுமான வன்னி அந்தக் காய்ச்சலோடு தலைமுறைகளாக வாழ்ந்தது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆனாலும் வெளிநாடு போய் வருபவர்களின் இரத்தத்தில் கிருமி இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அதைப் பரப்பும் நுளம்பும் இங்கேதான் இருக்கிறது. அதனால் மருந்தையும், அதை விழுங்கும் முறையையும் நாம் மறந்துவிடக் கூடாது.

ஃபல்சிபாரம் வகை மலேரியாவுக்குக் கொடுக்கும் குளிசையில் ஆர்ட்டிமெதர், லூமிஃபான்ட்ரின் என்று இரண்டு மருந்துகள். மூன்று நாளில் ஆறு வேளை. ஆர்ட்டிமெதர் கிருமிகளை வேகமாகக் கொன்றுவிட்டுச் சில மணி நேரத்தில் உடலைவிட்டுப் போய்விடும். எஞ்சியவற்றை நாட்கணக்கில் நின்று அழிப்பது லூமிஃபான்ட்ரின். ஆனால் அது தண்ணீரில் கரையாது. வெறும் வயிற்றில் விழுங்கினால் பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். காய்ச்சல் இறங்கும், சுகமாகிவிட்டது என்று நினைப்போம்; தப்பிய கிருமிகள் சில வாரத்தில் மறுபடி பெருகலாம்.

கொழுப்புச் சேர்ந்தால் நிலைமையே வேறு. அது சிறுகுடலை எட்டியதும் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை விடுகிறது. பித்த உப்புகளும் செரித்த கொழுப்பும் கூடிக் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாகின்றன. அவற்றின் உட்புறம் எண்ணெயோடும் வெளிப்புறம் நீரோடும் ஒட்டும். மருந்து அவற்றுக்குள் ஏறிக் குடற்சுவர்வரை போய்ச் சேர்கிறது. கொழுப்பு மிகுந்த உணவோடு எடுத்தபோது லூமிஃபான்ட்ரின் உறிஞ்சல் 16 மடங்கு கூடியதை ஆய்வில் கண்டிருக்கிறார்கள்.

காய்ச்சலில் குமட்டிக் கிடப்பவர் எப்படிச் சாப்பிடுவார்? தாய்லாந்தில் நலமான தொண்டர்களிடம் செய்த ஆய்வு இதற்கு அருமையான விடை தந்தது. 36 மில்லிலீற்றர் சோயாப்பால், அதாவது 1.2 கிராம் கொழுப்பு, இருந்தாலே உச்ச அளவில் 90 சதவீதம் உறிஞ்சப்படும் என்று அது கணித்தது. எங்கள் வீட்டில் ஆடை நீக்காத பால் அரைக் கோப்பை தாராளம். தேங்காய்ப்பால் சொதியில் குழைத்த சோறும் உதவும். வெறும் தேத்தண்ணி உதவாது.

மருந்து செய்பவர்கள் கொழுப்பை மருந்துக்குள்ளேயே வைக்கவும் கற்றிருக்கிறார்கள். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் காக்கும் சைக்ளோஸ்போரின் முதலில் எண்ணெய்க் கரைசலாக வந்தது; ஆளுக்கு ஆள் வெவ்வேறு அளவில் உறிஞ்சப்பட்டது. 1995இல் அமெரிக்கா அனுமதித்த புதிய வடிவத்தில் எண்ணெயும் அதை நீரோடு கலக்கவைக்கும் பொருளும் சேர்ந்தே இருந்தன. வயிற்று நீர் பட்டதும் தானே நுண்துளிகளாக உடையும். உறிஞ்சல் சீரானது.

இதற்காக எல்லாக் குளிசையையும் பாலோடு விழுங்கிவிடாதீர்கள். ரெட்ராசைக்கிளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி பாலோடு சேர்ந்தால் சரிவர உறிஞ்சப்படாது. ஹாலோஃபான்ட்ரின் என்ற பழைய மலேரியா மருந்து கொழுப்போடு மிகையாக ஏறினால் இதயத்துடிப்பையே குழப்பும்.

மருந்து கொடுப்பவர்களே, உறையில் வேளையை மட்டும் எழுதாமல், எதோடு விழுங்குவது என்பதையும் தமிழில் எழுதுங்கள். எழுதியிராவிட்டால், நோயாளிகளே, கேட்டு அறிந்த பிறகே வீட்டுக்குப் போங்கள்.