நெடுந்தொலைவு ஓட்டத்திற்குப் பிந்தைய மீட்சி

நெடுந்தொலைவு ஓட்டத்திற்குப் பிந்தைய மீட்சி என்பது, மாரத்தான் போன்ற நீண்ட ஓட்டப் போட்டியை முடித்தவரின் உடல் இயல்பு நிலைக்குத் திரும்பும் செயல்முறையாகும். மாரத்தானின் தொலைவு 42.195 கிலோமீட்டர் ஆகும். 1908 இலண்டன் ஒலிம்பிக்கில் முதன்முதலாக ஓடப்பட்ட இத்தொலைவு, 1921 இல் அதிகாரப்பூர்வ அளவாக ஏற்கப்பட்டது. ஓட்டத்தில் குறையும் நீர், உப்பு, எரிபொருள் ஆகியனவும் சிதையும் தசைகளும் ஒரே வேகத்தில் மீள்வதில்லை.

உடலில் ஏற்படும் மாற்றங்கள்

உடல் மாவுச்சத்தைக் கிளைக்கோசனாகச் சேமிக்கிறது. பொதுவாகத் தசைகளில் 300 முதல் 500 கிராமும், கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராமும் இருக்கும். மாரத்தானின் இறுதியில் இதன் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. மேலும், கால் தரையில் பதியும் ஒவ்வொரு முறையும் தொடையின் முன்தசை நீண்டவாறே விசை செலுத்துவதால் தசையிழைகளில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. இறக்கமான பாதைகளில் இச்சிதைவு மிகுதி. சிதைந்த இழைகளிலிருந்து கிரியேட்டின் கைனேசு என்னும் நொதி இரத்தத்தில் கலக்கிறது.

ஓட்டம் முடிந்தவுடன்

ஓடும்போது கெண்டைக்கால் தசைகள் இரத்தத்தை இதயத்தை நோக்கித் தள்ளுகின்றன. திடீரென நின்றால் இரத்தம் கால்களில் தேங்கி, இரத்த அழுத்தம் குறைந்து மயக்கம் வரலாம். எனவே சிறிது நேரம் மெதுவாக நடப்பது நல்லது. மயக்கம் வந்தால் படுக்கவைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். எல்லைக்கோட்டை அடையும் முன்பே விழுபவருக்கும், மனக்குழப்பம் உடையவருக்கும் உடனடி மருத்துவ உதவி தேவை.

நீரும் உப்பும்

அளவுக்கு மிஞ்சிய நீரும் ஆபத்தானது. இரத்தத்தில் சோடியத்தின் செறிவு குறைந்தால் மூளை வீங்கி உயிரிழப்பும் நேரலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் இரத்தம் ஆய்வு செய்யப்பட்டது. அவர்களுள் 13 விழுக்காட்டினருக்குச் சோடியக் குறைவு இருந்தது. மூவரின் நிலை மிகக் கடுமையானது. ஓட்டத்தின்போது உடல் எடை கூடியவர்களிடம் இது மிகுதியாகக் காணப்பட்டது. தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு ஆகியன இதன் அறிகுறிகள். இந்நிலையில் இருப்பவருக்கு மேலும் நீர் கொடுப்பது தீங்காகும். தாகத்திற்கேற்ப அருந்துவதே பாதுகாப்பான முறை.

உணவு

கிளைக்கோசனை விரைவில் நிரப்ப, முதல் நான்கு மணி நேரத்திற்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் மணிக்கு 1 முதல் 1.2 கிராம் மாவுச்சத்து பரிந்துரைக்கப்படுகிறது. 60 கிலோகிராம் எடையுள்ளவருக்கு இது மணிக்கு 60 முதல் 72 கிராம் ஆகும். அடுத்த போட்டி அண்மையில் இல்லாதவருக்கு வழக்கமான உணவே போதும். தசை சீரமைப்பிற்கு ஒரு வேளைக்கு 20 முதல் 25 கிராம் புரதம் உதவும். சிதைந்த தசை குளுக்கோசை மெதுவாகவே ஏற்பதால், கிளைக்கோசன் முழுதும் நிரம்பச் சில நாட்கள் ஆகலாம்.

தசைவலி

ஓட்டத்திற்குப் பின் 24 முதல் 72 மணி நேரத்தில் வலி உச்சமடைகிறது. இதற்கு இலாக்டிக் அமிலமே காரணம் என்பது பரவலான தவறான கருத்து. ஓட்டம் முடிந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலேயே இலாக்டேட்டு இயல்பு அளவுக்குத் திரும்பிவிடுகிறது. தசையிழைச் சிதைவும் அதைத் தொடரும் அழற்சியுமே காரணங்கள். குளிர்நீரில் அமிழ்வது வலியை ஓரளவு குறைக்கும். இபுபுரோபென் போன்ற வலிநீக்கிகள், நீரிழப்புற்ற உடலில் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.

மீண்டும் ஓடுதல்

வலி நீங்கிய பின்னரும் தசைச் சீரமைப்பு தொடர்கிறது. எனவே முதல் வாரத்தில் ஓய்வும் நடையும், பின்னர் படிப்படியான மெதுவான ஓட்டமும் அறிவுறுத்தப்படுகின்றன. சிறுநீர் கரும்பழுப்பு நிறத்தில் வெளியேறினால் அது கடுமையான தசையழிவின் அறிகுறியாக இருக்கலாம். தாமதமின்றி மருத்துவரை அணுக வேண்டும்.