கிராபிக்ஸ் கார்டை மாற்றும் முன்

2024-ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் பல நாடுகளின் கேமர்களுக்குத் திரையில் ஒரே அறிவிப்பு வந்துகொண்டிருந்தது: வீடியோ நினைவகம் போதவில்லை. ஆட்டம் அத்தோடு மூடிக்கொள்ளும். 24 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 4090 கார்டை வைத்திருந்தவர்களுக்கும் இதே அறிவிப்புதான். டிரைவரை அழித்து மறுபடி ஏற்றினார்கள், விண்டோஸையே புதிதாகப் போட்டார்கள். சிலர் கார்டையே மாற்றிப் பார்த்தார்கள். அறிவிப்பு போகவில்லை.

கோளாறு கார்டில் இல்லை. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் இருந்தது. ஆட்டம் தொடங்கும்போது, சுருக்கி வைத்திருக்கும் தரவை விரித்து, காட்சிகளுக்கு வேண்டிய ஷேடர்களைத் தயார் செய்வது பிராசஸரின் வேலை. நிலைகுலைந்த பிராசஸர் அந்தக் கணக்கில் பிழை விட்டது. காரணம் புரியாத ஆட்டமோ வீடியோ நினைவகத்தின் மேல் பழியைப் போட்டது. தரவை விரிக்கும் ஊடில் மென்பொருளைத் தயாரிக்கும் ராட் கேம் டூல்ஸ் நிறுவனம் இதை வெளிப்படையாக விளக்கி எழுதியது. தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தம் ஏறுவதே காரணம் என்று அந்த ஆண்டு ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் பயாஸ் வழியாகத் திருத்தம் வந்தது, வாரண்டியும் 2 ஆண்டுகள் நீண்டது. ஏற்கெனவே சேதமான சில்லை அந்தத் திருத்தம் மீட்காது. அதை மாற்றித்தான் ஆக வேண்டும்.

கேமிங் கணினியைப் பழுது பார்ப்பதில் உள்ள சிக்கல் இதுதான். அறிகுறி ஓரிடத்தில் தெரியும், நோய் வேறிடத்தில் இருக்கும். ஆட்டம் லேக் ஆகிறது என்றதும் புதிய கிராபிக்ஸ் கார்டுக்குப் பணம் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் ஏராளம். அளந்து பார்க்காமல் செலவழித்த அந்தப் பணம் பல சமயம் வீண்தான்.

எதை அளப்பது? எஃப்பிஎஸ் என்ற எண்ணை எல்லோரும் பார்க்கிறார்கள். ஒரு நொடியில் எத்தனை ஃப்ரேம் திரைக்கு வந்தது என்பதைத்தான் அது சொல்லும். ஒரு நொடியில் 59 ஃப்ரேம்கள் 800 மில்லிநொடிக்குள் வந்துவிட்டு, ஒரே ஒரு ஃப்ரேம் மட்டும் 200 மில்லிநொடி எடுத்துக்கொண்டாலும் கணக்கு 60 எஃப்பிஎஸ்தான். ஆனால் அந்த ஐந்தில் ஒரு நொடித் திக்கலைக் கண் உடனே பிடித்துவிடும். அதற்குள் எதிரி சுட்டிருப்பான். 2011-இல் டெக் ரிப்போர்ட் இணையதளத்தின் ஸ்காட் வாசன் ஒவ்வொரு ஃப்ரேமும் எடுக்கும் நேரத்தைத் தனித்தனியாக அளந்து எழுதிய பிறகுதான் கார்டுகளை மதிப்பிடும் முறையே மாறியது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர், ரிவாட்யூனர் ஆகிய இரண்டு இலவச மென்பொருள்களை வைத்து இன்று அந்த ஃப்ரேம் நேரத்தின் வரைபடத்தை யாரும் திரையின் ஓரத்திலேயே பார்க்கலாம். 60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிநொடி. கோடு அந்த உயரத்தில் சமமாக ஓடினால் நலம். ஊசி ஊசியாக எழும்பினால் எங்கோ தடை இருக்கிறது.

அந்தத் தடை பிராசஸரிலா, கிராபிக்ஸ் கார்டிலா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஆட்டத்தின் ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்குக் குறைத்துவிட்டு அதே இடத்தில் ஆடிப் பாருங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் கார்டு திணறிக்கொண்டிருந்தது என்று பொருள். அசையாமல் நின்றால் கார்டு சும்மா இருந்து பிராசஸருக்காகக் காத்திருக்கிறது. விலை உயர்ந்த கார்டு வாங்கினால் அதுவும் காத்துத்தான் கிடக்கும். டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் 20 சதவீதம்தான் வேலை செய்கிறது என்று காட்டுவதை நம்பிவிட வேண்டாம். ஒரே நேரத்தில் 16 வேலைத் தொடர்களை, அதாவது த்ரெட்களை, ஓட்டும் பிராசஸரில் ஒரு த்ரெட் முழுக்க நிரம்பினாலும் மொத்தக் கணக்கில் அது 6.25 சதவீதம்தான். ஆட்டத்தின் முக்கியமான வேலை பெரும்பாலும் அந்த ஒரு த்ரெட்டில்தான் ஓடும்.

சில கோளாறுகள் அற்பமானவை, ஆனாலும் அடிக்கடி நடப்பவை. மானிட்டரின் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருப்பார்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியிருப்பார்கள், விண்டோஸ் அமைப்பில் அது 60-லேயே கிடக்கும். கேமிங் லேப்டாப்பை சார்ஜர் இல்லாமல் பேட்டரியில் ஓட்டிவிட்டு வேகமில்லை என்பார்கள்.

ரேம் விஷயம் இன்னும் மறைவானது. 3200 என்று பெட்டியில் அச்சிட்ட டிடிஆர்4 ரேம், மதர்போர்டில் போட்டதும் தானாக அந்த வேகத்தில் ஓடிவிடாது. பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கும்வரை 2133 அல்லது 2400 போன்ற அடிப்படை வேகத்தில்தான் பல கணினிகளில் ஓடும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தை ஆண்டுக்கணக்கில் தொடாமலே இருப்பவர்கள் உண்டு. ஒற்றை ரேம் போட்ட கணினியில் பிராசஸருக்குத் தரவு வரும் பாதை பாதி அகலம்தான். இரண்டு ரேம் இருந்தாலும், நான்கு ஸ்லாட் கொண்ட பெரும்பாலான போர்டுகளில், பிராசஸரிலிருந்து எண்ணினால் 2-ஆவதிலும் 4-ஆவதிலும் செருக வேண்டும்.

வெப்பம் நம் ஊர்க்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது. முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு ஆட்டம் மந்தமானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். இன்டெல் பிராசஸர்கள் பெரும்பாலும் 100 டிகிரியை எட்டியதும் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை கடும் வேலையில் 95 டிகிரியைத் தொடுவது இயல்பே என்கிறது அந்த நிறுவனம். அங்கே எண்ணைக் கண்டு பதற வேண்டியதில்லை. அறையின் வெப்பம் 10 டிகிரி கூடினால் உள்ளேயும் ஏறக்குறைய அவ்வளவு கூடும். குளிரூட்டிய ஆய்வறையில் எடுத்த வெப்ப அளவுகளை, மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் எதிர்பார்க்க முடியாது. கார்டின் மையம் 65 டிகிரி என்று காட்டும்போதே அதன் நினைவகச் சில்லுகள் கொதிக்கலாம். ஆர்டிஎக்ஸ் 3080, 3090 கார்டுகளில் உள்ள ஜிடிடிஆர்6எக்ஸ் நினைவகம் 110 டிகிரி வரை போய்த் தடுமாறியதுண்டு. ஃபேனிலும் ஹீட் சிங்க்கிலும் அடைந்த தூசியைத் தட்டி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் பூசினாலே பல கணினிகள் பழைய வேகத்துக்கு வந்துவிடும். அதிக வேலை கொடுத்ததும் கணினி சட்டென்று அணைந்து மறுபடி தொடங்கினால் வெப்பத்தோடு பவர் சப்ளையையும் சோதிக்க வேண்டும்.

இவற்றில் எதிலும் அடங்காத வழக்குகளும் உண்டு. விண்டோஸ் 11-க்காகப் பலர் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதியை இயக்கினார்கள். அதன் பிறகு சில ரைசன் கணினிகளில் படமும் ஒலியும் அவ்வப்போது திக்கின. மதர்போர்டிலுள்ள நினைவகச் சில்லோடு அந்த வசதி நடத்தும் பரிமாற்றமே காரணம் என்று 2022 மார்ச்சில் ஏஎம்டி அறிவித்தது, புதிய பயாஸ் வந்த பிறகு சரியானது. ஜிடிஏ ஆன்லைன் ஆட்டம் திறக்க நிமிடக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கோ எந்தப் பாகத்தை மாற்றியும் முழு விடிவு கிடைத்திருக்காது. 2021-இல் ஒரு நிரலாளர் தன் முயற்சியில் தோண்டிப் பார்த்தார். 10 எம்பி அளவுள்ள ஓர் உரைக் கோப்பை ஆட்டம் மிக மோசமான முறையில் படித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அவர் செய்த திருத்தம் அவருடைய கணினியில் காத்திருக்கும் நேரத்தை ஏறக்குறைய 70 சதவீதம் குறைத்தது. ஆட்டத்தை வெளியிட்ட ராக்ஸ்டார் நிறுவனம் அவருக்கு 10,000 டாலர் வெகுமதி தந்து, மார்ச்சில் ஆட்டத்தையும் திருத்தியது.

ஆகவே ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். செய்ததை எழுதி வைத்து, அதே ஆட்டத்தின் அதே இடத்தில் மறுபடி அளந்து பாருங்கள். ரேமும் டிரைவரும் பயாஸும் ஒரே நாளில் மாறினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமலே போகும். நண்பர் வீட்டுக் கணினியில் உங்கள் கார்டைப் போட்டுப் பார்க்க முடிந்தால் அதைவிட நல்ல சோதனை இல்லை. கடைக்குப் போகும்போது லேக் ஆகிறது என்று மட்டும் சொல்லாமல், எந்த ஆட்டத்தில், எத்தனை நிமிடம் கழித்து, எவ்வளவு வெப்பத்தில் என்பதைச் சொல்லுங்கள். பில்லையும் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். பல பிராசஸர்களுக்கும் கார்டுகளுக்கும் 3 ஆண்டு வாரண்டி உண்டு. நல்ல பவர் சப்ளைகளுக்கு அதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.