பாடநூலில் விழுந்த கத்தரி



கத்தரிக்கோல் தையற்காரர் கையிலிருந்தால் சட்டை கிடைக்கும். ஆள்வோர் கைக்குப் போனால் என்ன கிடைக்கும் என்பதை 2023ஆம் ஆண்டில் நாடு கண்டது.

சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்குப் பாடநூல் எழுதித் தரும் டில்லி நிறுவனம் என்.சி.இ.ஆர்.டி. அது அந்த ஆண்டு பத்தாம் வகுப்பு அறிவியல் நூலை வெட்டி அச்சிட்டது. 'மரபும் பரிணாமமும்' என்றிருந்த பாடம் 'மரபு' என்று சுருங்கிற்று. டார்வின் போனார். தனிமங்களின் அட்டவணை போயிற்று. எரிபொருள், காற்று, கதிரொளி என ஆற்றலின் ஊற்றுகளைச் சொன்ன பாடமும் போயிற்று.

ஏன் ஐயா இந்த வெட்டு? கொரோனாவால் களைத்த பிள்ளைகளின் சுமையைக் குறைத்தோம் என்றார்கள். அட்டவணை பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறது, பரிணாமம் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறது, அங்கே படித்துக்கொள்ளட்டும் என்றார்கள்.

அங்கே யார் படிப்பார்கள்? நாம் கேட்பது அதைத்தான். பன்னிரண்டில் உயிரியல் எடுத்தவன் படிப்பான். வணிகவியல் எடுத்தவன் படிக்கமாட்டான். ஐ.டி.ஐ.க்குப் போனவன் படிக்கமாட்டான். பத்தோடு நின்று பட்டறையில் சுத்தியல் பிடித்தவன் எங்கே படிப்பான்? எல்லார் வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சியில் அமர்ந்து ஒரே அறிவியலைக் கற்கும் கடைசி வகுப்பு பத்தாம் வகுப்பு. அங்கே வெட்டினால் வெட்டு யார் மேல் விழும் என்று சொல்லவும் வேண்டுமா? 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் அந்த ஏப்ரலிலேயே கையெழுத்திட்டுக் கண்டித்தார்கள்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 2018 ஜனவரியில் ஒன்றிய அரசின் கல்வித்துறை இணையமைச்சர் சத்யபால் சிங் திருவாய் மலர்ந்தார். குரங்கு மனிதனானதைக் கண்டதாக நம் முன்னோர் எவரும் சொல்லவில்லையாம், ஆகவே டார்வின் சொன்னது தவறாம், பாடத்தை மாற்றவேண்டுமாம்! நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் கூடி மறுப்பு வெளியிட்டன. இன்றைய குரங்கு மனிதனாயிற்று என்று அறிவியல் எப்போது சொன்னது? இருவருக்கும் நெடுங்காலத்துக்கு முன் பொது மூதாதை உண்டு என்றுதான் சொல்கிறது. பங்காளி உறவு, அவ்வளவுதான். சித்தப்பா மகன் நாமாக மாறினான் என்று எவரேனும் சொல்வதுண்டா?

பரிணாமம் ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணவேண்டாம். காசநோய் கண்ட தொழிலாளிக்கு ஆறு மாதம் மாத்திரை தருகிறார்கள். இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் மாத்திரையை விட்டுவிடுகிறவர் உண்டு. மருந்துக்கு எளிதில் மடியும் கிருமிகள் முதலில் மடிந்துவிடும். சற்றே தாங்கும் கிருமிகள் உடலில் எஞ்சி நின்று பெருகும். அடுத்த முறை அதே மாத்திரை பலிக்காமற் போகலாம். டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வு நுரையீரலுக்குள் நடக்கிறது. இதைத் தெரிந்த மகன் அப்பாவை மாத்திரையை நிறுத்த விடுவானா?

அட்டவணைக்கு வருவோம். 1869இல் ருஷ்யப் பேராசிரியர் மெண்டலீவ் அன்று தெரிந்த தனிமங்களை வரிசைப்படுத்தினார். பொருந்தாத இடங்களில் காலி நாற்காலி போட்டு வைத்தார். இங்கே உட்காரவேண்டியவர் இன்னும் வரவில்லை, வந்தால் இப்படித்தான் இருப்பார் என்றும் எழுதினார். 1875இல் பிரான்சில் காலியம் என்ற உலோகம் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் அடர்த்தி 4.7 என்றார் கண்டவர். கண்ணால் பாராத மெண்டலீவோ, 5.9 இருக்கவேண்டும், மறுபடி அளந்து பாருங்கள் என்றார். அளந்தார்கள். 5.9 தான்! சோதிடர் எவராவது இப்படி ஒரு கணக்கைச் சொல்லிச் சோதனைக்கு நின்றதுண்டா?

ஆர்கான் வெல்டிங் செய்யும் தோழருக்கு இந்த அட்டவணை அந்நியமன்று. உருகிய உலோகத்தைக் காற்று தீண்டாமல் காக்க அந்த வாயு ஏன்? எதோடும் எளிதில் சேராத வாயுக்களின் கடைசி நெடுவரிசையில் அது இருப்பதால். 1894இல் ஆர்கான் வெளிப்பட்டபோது பழைய அட்டவணையில் அதற்கு இடமே இல்லை. புதிதாக ஒரு வரிசை சேர்த்தார்கள். அட்டவணை வேதமன்று, திருத்திக்கொள்ளும்.

மண்ணைப் பற்றிய பாடம் அரியலூரில் கிடக்கிறது. அங்கே சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்களே, அது பழைய கடலின் படிவு. நத்தைபோல் சுருண்ட அம்மோனைட் ஓடுகள் அந்தப் பாறையில் இருக்கின்றன. ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூண்டோடு அழிந்த இனம் அது. அடியில் படிந்தது பழையது, மேலே படிந்தது புதியது. கீழடுக்கில் இருந்த உயிர் மேலடுக்கில் இல்லை, மேலடுக்கில் புதிய உயிர். எந்த அமைச்சரின் முன்னோரும் பார்க்காததைப் பாறை பதிந்து வைத்திருக்கிறது.

நம் மாநில அரசு 2019இல் வெளியிட்ட பத்தாம் வகுப்பு நூலில் இவ்விரண்டும் இருக்கின்றன, நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். கேந்திரிய வித்யாலயாவில் படிக்கும் ரயில்வேத் தொழிலாளியின் பிள்ளை நம் பிள்ளையில்லையா? பீகாரிலிருந்து வந்து நம்மோடு கம்பி கட்டுபவரின் பிள்ளைக்குப் பாடம் வேண்டாமா? நம் நூலில் இருப்பதுகூட ஐந்து மதிப்பெண்ணுக்கு நெட்டுருப் போடப்பட்டுத் தேர்வன்று மாலையே மறக்கப்படுகிறது.

ஆகவே படிப்பகத் தோழர்களுக்கு ஒரு வேலை. திருப்புதல் தேர்வுக் காலத்தில் வாரம் இரண்டு மாலை படிப்பகத்தைப் பிள்ளைகளுக்கு விடுங்கள். கேரம் பலகை ஒரு மாதம் ஓய்வெடுக்கட்டும். வெல்டர் ஆர்கானைச் சொல்லட்டும், செவிலியர் மாத்திரைக் கதையைச் சொல்லட்டும், ஆசிரியத் தோழர் அதைப் புத்தகத்தோடு சேர்த்துக் காட்டட்டும். எந்த வாரியத்துப் பிள்ளை வந்தாலும் உட்காரவையுங்கள். பெண்பிள்ளைகள் வரும் நேரமாகப் பார்த்து வையுங்கள்.

தேர்வு முடிந்ததும் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூருக்கு அழைத்துச் செல்லுங்கள். டைனோசார்கள் வாழ்ந்த காலத்து மரம் ஒன்று, 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிறது. 1940இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதை உலகுக்கு அறிவித்தார். பிள்ளைகள் கண்ணால் பார்த்துக் குறிப்பேட்டில் வரைந்துகொள்ளட்டும். ஒரு சில்லுகூடப் பெயர்த்து வரவேண்டாம்.