யாருக்கு அனுப்பக் கூடாது என்று தெரிந்த பெட்டி

ஆடிப்பெருக்கை ஒட்டி சிவகாசி அச்சகங்கள் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பத்தை வெளியிடும். அதன்பின் டிசம்பர் வரை மிஷினுக்கு ஓய்வில்லை, அலுவலகத்து நெட்வொர்க்குக்கும்தான். பிளேட் எடுக்கப் போகும் கனத்த டிசைன் கோப்புகள், கணக்குப் பிரிவின் டாலி, குடோன் கேமரா, ஆர்டர் கொடுக்க வந்த ஏஜென்ட் கேட்கும் வைஃபை என்று அத்தனையும் மூலையில் பச்சை விளக்கு மினுங்கும் ஒரு ஸ்விட்ச் வழியாகத்தான் போகின்றன.

ஸ்விட்ச் வருவதற்கு முன் ஹப் இருந்தது. ஒரு துளையில் வந்ததை மற்ற எல்லாத் துளைகளிலும் கொட்டும். 1990இல் கலிபோர்னியாவின் 'கல்பனா' நிறுவனம் ஏழு போர்ட் கொண்ட ஈதர்நெட் ஸ்விட்சைக் கொண்டுவந்தது. நிறுவனர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜ் தன் மனைவியின் பெயரையே நிறுவனத்துக்கு வைத்திருந்தார். 1994இல் சிஸ்கோ அதை வாங்கிவிட்டது.

எந்தக் கணினி எந்த போர்ட்டில் இருக்கிறது என்பதை ஸ்விட்ச் தானே கற்றுக்கொள்கிறது. வரும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்திலும் அனுப்புநரின் 48 பிட் முகவரி இருக்கும். அதைப் பட்டியலில் குறித்துக்கொண்டு, அந்த முகவரிக்கு வருவதை அந்த போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். வழக்கமாக 300 விநாடி சத்தம் இல்லையென்றால் அழித்துவிடும். ஆனால் 'எல்லோருக்கும்' என்று வரும் பிராட்காஸ்ட்டை எல்லா போர்ட்டுக்கும் அனுப்பியே தீரவேண்டும். யாரோ ஒரே கேபிளின் இரண்டு முனைகளையும் ஒரே ஸ்விட்சில் செருகிவிட்டால், தடுப்பு ஏற்பாடு இல்லாத பெட்டியில் அந்தப் பொட்டலம் சுற்றிச் சுற்றிப் பெருகி, சில விநாடிகளில் அலுவலகமே முடங்கும்.

பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறை, செலுத்தும் அறை, இருப்பு அறை எல்லாம் இடைவெளி விட்டுத் தனித்தனியாக நிற்பது, ஒன்றில் விழுந்த பொறி அடுத்ததற்குத் தாவாமல் இருக்கத்தான். விலான் எனப்படும் மெய்நிகர் லேன் அதையே சுவரில்லாமல் செய்கிறது. கணக்குப் பிரிவின் போர்ட்டுகளுக்கு 10, டிசைனுக்கு 20, கேமராவுக்கு 30 என எண் கொடுத்துவிட்டால் ஒன்றின் பிராட்காஸ்ட் இன்னொன்றை எட்டாது. அடுத்த கட்டடத்து ஸ்விட்சுக்கு ஒரே கேபிள்தான் என்றாலும் பிரச்சினையில்லை. 1998இல் வெளிவந்த 802.1க்யூ தரப்படி ஒவ்வொரு பொட்டலத்திலும் 4 பைட் சீட்டு ஒட்டப்படும். அதில் விலான் எண்ணுக்கு 12 பிட். 4,096 எண்களில் ஓரத்து இரண்டும் ஒதுக்கப்பட்டவை, பயனுக்கு 4,094. சிவகாசிக்குத் தாராளம்!

மல்டிகாஸ்ட் சமாசாரம் கொஞ்சம் வம்பானது. ஒரு கேமராவின் 4 எம்பிபிஎஸ் படத்தை மூன்று திரைகள் தனித்தனியாகக் கேட்டால் கேமரா 12 எம்பிபிஎஸ் அனுப்பவேண்டும். கேட்கும் திரைகளை ஒரு குழுவாகப் பாவிக்கும் மல்டிகாஸ்ட்டில் ஒரு பிரதி போதும். ஸ்டீவ் டீரிங் 1989இல் எழுதிய ஆர்எஃப்சி 1112 இதற்கான விதிகளை வகுத்தது. 224 முதல் 239 வரை தொடங்கும் ஐபி முகவரிகள் குழுக்களுக்கானவை. குழு முகவரியிலிருந்து யாரும் எதையும் அனுப்புவதில்லை, அந்த முகவரிக்குத்தான் அனுப்புவார்கள். அதனால் ஸ்விட்சின் வழக்கமான கற்கும் முறை இங்கே செல்லாது. சாதாரண ஸ்விட்ச் படத்தை எல்லா போர்ட்டிலும் கொட்டிவிடும், டாலி ஓடும் கணினி உட்பட.

இதற்குத் தீர்வு ஒட்டுக்கேட்பது. திரைகள் 'எனக்கு இந்தக் குழு வேண்டும்' என்று ஐஜிஎம்பி மொழியில் ரூட்டருக்குச் சொல்வதை ஸ்விட்ச் இடையில் கேட்டு, கேட்ட போர்ட்டுகளுக்கு மட்டும் அனுப்பும். பெயரே ஸ்னூப்பிங். ஆனால் 'இன்னும் வேண்டுமா?' என்று 125 விநாடிக்கு ஒருமுறை விசாரிக்க ஒரு குவெரியர் வேண்டும். அது இல்லையென்றால் 260 விநாடியில் பட்டியல் காலாவதியாகிவிடும். படம் நான்கு நிமிடம் நன்றாக ஓடி உறைகிறது என்றால், கேமராவைக் கழற்றுவதற்கு முன் இதைப் பார்ப்பது நல்லது. சில மாடல்களில் உறைவதற்குப் பதில் படம் மறுபடி எல்லா போர்ட்டுக்கும் பாயும்.

ஸ்விட்சின் அமைப்புப் பக்கத்தில் குவெரியரை இயக்கலாம், கேமரா இருக்கும் விலான் 30க்கே இயக்கவேண்டும். முதலாளியின் திரை விலான் 10இல் இருந்தால் அதுவும் போதாது. இரண்டுக்கும் நடுவே மல்டிகாஸ்ட்டைக் கடத்தத் தெரிந்த ரூட்டர் ஒன்று வேண்டும்.