குறைவை அளத்தல்

கும்பகோணம், தஞ்சாவூர்ப் பகுதி முதியோரைக் கேட்டால், வீங்கிப் பருத்த காலுடன் நடந்தவர் ஒருவரையேனும் நினைவுகூர்வர். காவிரிப் படுகையை நெடுங்காலம் வாட்டிய யானைக்கால் நோய் அது. இதற்கு வயல்நீரைப் பழிக்க வேண்டா. நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு சாக்கடையிலும் தேங்கிய கழிவுநீரிலுமே மிகுதியாக வளர்கிறது.

இந்நோய் இன்று குறைந்துவிட்டது என்கிறோம். எதை எண்ணி அவ்வாறு கூறுகிறோம்?

பருத்த கால்களை எண்ணினால் ஏமாந்துபோவோம். தொற்று நீங்கிய பின்னரும் முற்றிய வீக்கம் பெரும்பாலும் வடிவதில்லை. நோய் பரவுவது நின்றுவிட்ட ஊரிலும் நோயாளர் தொகை பல்லாண்டுகள் அப்படியே இருக்கும். ஆகவே, குருதியிலுள்ள நுண்புழுக்களைத் தேடுகின்றனர். அங்கும் ஓர் இடர் உண்டு. இப்புழுக்கள் பகலில் நுரையீரலின் குருதிக் குழாய்களில் தங்கியிருந்து, இரவில்தான் தோலருகே ஓடும் குருதிக்கு வருகின்றன. கொசு கடிக்கும் நேரமும் அதுவன்றோ! ஒரே தெருவில் சென்ற ஆண்டு நள்ளிரவிலும் இவ்வாண்டு நண்பகலிலும் குருதி எடுத்து ஒப்பிட்டால், ஒரு மாத்திரையும் தராமலே நோயை ஒழித்துவிட்டதாக அறிக்கை எழுதலாம். சோதிக்கும் நேரம், குருதியின் அளவு, மக்களின் வயது ஆகியவை ஒத்திருந்தால்தான் இரண்டு எண்களை ஒப்பிட முடியும்.

எண்களைச் சொல்லும் முறையிலும் கவனம் தேவை. ஆயிரம் பேரில் 20 பேருக்கு இருந்த தொற்று 5 பேராகக் குறைந்தது எனக் கொள்வோம். 75 விழுக்காடு குறைந்தது என்பதும் உண்மை. 2 விழுக்காடு 0.5 விழுக்காடாயிற்று என்பதும் உண்மை. முதல் கூற்று மட்டும் தரப்பட்டால், தொடக்க எண்ணைக் கேட்டறிதல் வேண்டும். 4 பேர் ஒருவராகக் குறைந்தாலும் அதே 75 விழுக்காடுதானே!

2004 முதல் நாட்டின் நோயுள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கொரு முறை டி.இ.சி. மாத்திரை வழங்கப்பட்டது. பின்னர் அல்பெண்டசோலும் சேர்க்கப்பட்டது. உரிய காலத்துக்கு முன் நிறுத்தினால் நோய் மீண்டும் பரவும். தேவையின்றி நீட்டித்தால் நலமுடையோர் வீணே மருந்து உண்பர். இம்முடிவுக்கான எல்லை, நுண்புழு உடையோர் 100க்கு ஒருவருக்கும் குறைவாக இருத்தல். 100 பேரை மட்டும் சோதித்து ஒருவரிடமும் புழு காணவில்லை என்றால் போதாது. ஊரில் 100க்கு 3 பேர் வரை தொற்றுடன் இருக்க அப்போதும் வாய்ப்புண்டு.

அதனால் அடுத்து ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளைச் சோதிக்கின்றனர். மாத்திரை வழங்கத் தொடங்கிய பின் பிறந்த குழந்தையிடம் தொற்று காணப்பட்டால், அது பழைய எச்சமன்று, அண்மையில் பரவியது. புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தினர் தஞ்சாவூர் மாவட்டத்திலும் கும்பகோணம் நகரிலும் கொசுக்களைப் பிடித்து, அவற்றுள் புழுவின் மரபுப்பொருள் உள்ளதா என ஆராய்ந்தனர். இம்முறையில் எவரையும் நள்ளிரவில் எழுப்பி விரல்நுனியில் குத்த வேண்டியதில்லை.