சூடேறிய திரவம் நஞ்சாவது எப்படி?

பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் பருத்தி விளைவிக்கும் நம் அங்கத்தினர்கள், அகல் விளக்கில் எண்ணெய் வற்றினால் பஞ்சுத்திரி கருகி நெடி எழுப்புவதை அறிவார்கள். மின் சிகரெட்டிலும் ஏறக்குறைய இதுவே நிகழ்கிறது.

அக்கருவியில் பெரும்பாலும் பஞ்சுத்திரியே திரவத்தை உறிஞ்சிக் கம்பிச் சுருளுக்கு அளிக்கிறது. மின்கலத்தின் விசையால் சுருள் சூடேற, திரவம் ஆவியாகிறது. அத்திரவத்தின் பெரும்பகுதி கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலும் ஆகும். நிக்கோட்டினும் மணப்பொருள்களும் அதில் சேர்க்கப்படுகின்றன.

கிளிசரின் 290 பாகை செல்சியஸிலும், மற்றது 188 பாகையிலும் கொதிக்கும். திரி ஈரமாக உள்ளவரை, ஆவியாதலே வெப்பத்தின் பெரும்பகுதியை ஈர்த்துக்கொள்ளும். திரி உலர்ந்தாலோ, மின்விசை மிகுந்தாலோ, வெப்பம் வரம்பு கடந்து மூலக்கூறுகளைச் சிதைக்கிறது. கிளிசரின் தன்னிலுள்ள நீர்க்கூறுகளை இழந்து அக்ரோலீன் ஆகிறது. வாணலியில் எண்ணெய் புகையும்போது கண் எரிவதற்கும் இப்பொருள் ஒரு காரணமாகும். ஃபார்மால்டிஹைடும் அசெட்டால்டிஹைடும் உடன் உண்டாகின்றன. இவற்றுள் முன்னது புற்றுநோய் விளைவிப்பது. புட்டியில் இல்லாத நஞ்சு சூட்டினால் பிறப்பதால், புட்டியின் மேலுள்ள பட்டியலைப் படித்து அச்சம் நீங்குவது தவறு.

தமிழக அரசு 2018-ஆம் ஆண்டில் இவற்றைத் தடை செய்தது. 2019-ஆம் ஆண்டு மத்திய சட்டத்தின்படி, விற்போர்க்கு முதல் குற்றத்திற்கே ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வெளியூரில் தங்கிப் படிக்கும் நம் பிள்ளைகளிடம் “இது வெறும் நீராவிதான்” என்று எவரேனும் கூறக்கூடும். அதற்கு முன்னரே, கருகும் திரியைக் காட்டி அவர்களுக்கு உண்மையை விளக்குவது பெற்றோர் கடமையாகும்.